மறு: எஸ்கேப் சீக்குவென்ஸுக்குத் தமிழ்ச்சொல்

> விசைப்பலகைல எஸ்கேப்புக்கு "விடுபடு"ன்னு இருக்கே, இதையும் "விடுபடு தொடர்"னே வச்சுடலாமே?

வணக்கம் அண்ணை,

விசைக்கு அது சரி, ஆனா எஸ்கேப் சீக்குவென்ஸ் எண்டா நிறத்தை மாத்து, திரையை அழி எண்டு திரைக்குக் கட்டளை குடுக்கிற எழுத்துத் தொடர், ஸ்கிரிப்ற்றுக்குள்ள அது செய்யிற வேலையைப் பாருங்கோ. கிளிநொச்சியில ஒரு நெல் ஆலைக் கணக்கை ராவில பக்கப் எடுக்க பாஷ் ஸ்கிரிப்ற் (கட்டளைகளை வரிசையா ஓட்டுற சின்ன நிரல்) ஒண்டு எழுதிக் குடுத்தனான், பிழையெண்டா சிவப்பு, சரியெண்டா பச்சை. லைப்ரரி ஒண்டும் தேவையில்லை, 27ஆம் எழுத்து (அதுதான் எஸ்கேப்), சதுர அடைப்பு, 31, சின்ன எம், இவ்வளவையும் பிறின்ற்எஃப் எண்ட அச்சிடுற கட்டளைக்குக் குடுத்தா சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், நிறம் பிறகு வந்தாலும் இந்த எஸ்கேப் முறை 1978இல வந்த விடி100 எண்ட பழைய ரெர்மினல் (கட்டளைத் திரை) காலத்துப் பழக்கம், இன்னும் அப்பிடியே ஓடுது. இதில ஒண்டும் விடுபடேல்லை, திறந்து விடுறம், 0எம் குடுக்கும்வரை பாஞ்சுகொண்டே இருக்கும். நான் ஒருக்கா 0ஐ மறந்துபோய் "பக்கப் சரி" எண்ட வரியும் சிவப்பில வந்து நிண்டது, ஆலைக்காரர் பயந்துபோனார்.

அதால முதல்ல "நிறத்துருசு" எண்டுதான் நினைச்சன். இரணைமடுக் குளத்தில துருசை, அதாவது தண்ணி திறந்துவிடுற கதவைத், திறந்தா பூட்டும்வரை வாய்க்காலில தண்ணிதானே. ஆனா துருசு எண்டா உங்கட பக்கம் விளங்காது, நீங்கள் மதகு எண்டுவியள், இங்க மதகு எண்டா றோட்டுக்குக் கீழால தண்ணி போறது, பின்னேரத்தில பெடியள் குந்தியிருந்து கதையளக்கிற இடம் :)

பிறகு பிடிபட்டது: 31எம் மாதிரி நிறம் தொடங்கிறது நிறத்திறப்பு, 0எம் நிறப்பூட்டு. இங்க திறப்பு எண்டா சாவியும்தான், கதவைச் சாத்துறதையும் பூட்டுறது எண்டுதான் சொல்லுவம், உங்களுக்கும் குழப்பம் வராது.

சொல்லிப் பாத்தன், வசனத்தில வடிவா இருக்குது: "லொக் ஃபைலுக்குள்ள (நடந்ததைப் பதியிற கோப்பு) நிறத்திறப்பு விழுந்துட்டுது". உண்மையா விழுந்ததுதான், நோட்பாட்டில திறந்தா வரிக்கு வரி [31எம் எண்டு குப்பை. இப்ப வெளியீடு ரெர்மினலுக்குத்தான் போகுதோ எண்டு "மைனஸ் ரி 1" எண்ட சோதனை போட்டுப் பாத்துட்டுத்தான் திறக்கிறன், ஃபைலெண்டா வெறும் எழுத்து. "பிழை" எண்ட சொல்லையும் கட்டாயம் எழுதுங்கோ, சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாத ஆக்களும் இருக்கினம்.

ஒரு இடத்தில மட்டும் உங்கட பக்கம் வாறன். அதே 27இல தொடங்கி 2ஜே எண்டு முடிச்சா திரை அழியும், அதில நிறமும் இல்லைத் திறப்பும் இல்லை. அப்ப முழுக் குடும்பத்துக்கும் "விடுபடு தொடர்" இருக்கட்டும், நிறத்துக்கு மட்டும் என்ர சொல்லைப் போடுவமோ?