ஆண் பெயர் வைக்கப்பட்ட பெண்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெண்ணாற்றுக்காரி:

என் பெயர் வைத்தியலிங்கம். தாத்தா பெயர். பள்ளிக்கூடம், வங்கி, ரயில் டிக்கெட் என்று ஒவ்வோர் இடத்திலும் என்ன நடக்கும் என்பதை இங்கே இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் இந்தக் குறுவையில் கொள்முதல் நிலையத்தில் நடந்தது மட்டும் மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. நெல்லைக் களத்தில் கொட்டி, ராத்திரி மழைக்குப் படுதா போட்டு மூடி, விடிந்ததும் பிரித்துக் கிளறிக் காயவைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்து, ஒருவழியாக எங்கள் முறை வந்தது. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் நீட்டினேன். பட்டியல் எழுத்தர் சிட்டாவில் பெயரைப் பார்த்துவிட்டு, "அவர வரச் சொல்லும்மா" என்றார். நான்தான் சார் என்றேன். ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூட்டை பிடித்துக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் கோபமெல்லாம் இல்லாமல், சாதாரணமாக, "கூடப் பொறந்த ஆம்பளப் புள்ள யாரும் இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"ஓ, அதான்."

அவ்வளவுதான். 40 கிலோ சிப்பம் சிப்பமாக எடை போட்டு ரசீது கொடுத்துவிட்டார், வேலையில் ஒரு குறையும் இல்லை. அந்த "அதான்" மட்டும் கூடவே வந்துவிட்டது. தாத்தா பெயரை எனக்குக் கொடுத்தார்களா, இல்லை பிறக்காத ஒரு தம்பிக்கு எடுத்து வைத்திருந்ததை என் தலையில் கட்டினார்களா? உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பூண்டித் தோழி:

எங்கள் பெரியம்மா பெயர் ஜீவா. இன்றைக்கு அதை யாரும் ஆண் பெயர் என்று சொல்லமாட்டார்கள், திருத்துறைப்பூண்டியில் எந்த வகுப்பறையில் ஜீவா என்று கூப்பிட்டாலும் ஒரு பெண் பிள்ளை எழுந்து நிற்க வாய்ப்பு உண்டு. 1963-ல் பெரியம்மா பிறந்தபோது அப்படி இல்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தம் இறந்த வருஷம் அது. தாத்தா விவசாயச் சங்கத்து ஆள், சங்கத் தலைவர் சீனிவாசராவ் பின்னால் ஊர் ஊராக நடந்தவர், அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு ஜீவா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிறந்தது பெண். பெயரை மாற்றவில்லை.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் பெரியப்பா, "பத்திரிகைல மட்டும் ஜீவரத்தினம்னு போட்டுக்குவமே" என்று நல்லவிதமாகத்தான் கேட்டார். தாத்தா, "பேரு பிடிக்கலேன்னா பொண்ணும் வேண்டாம். காபி ஆறுது, குடிங்க" என்றார். அடுப்படிக் கதவோரம் நின்று இதைப் பார்த்த அம்மா இன்றைக்கும் தாத்தா குரலிலேயே சொல்லிக் காட்டுவார். கல்யாணம் நடந்தது, பத்திரிகையிலும் ஜீவா என்றுதான் இருந்தது. ஆனால் போன வருஷம் ஒரு மனு எழுதுவதற்காகப் பெரியம்மாவின் ரேஷன் கார்டை வாங்கிப் பார்க்கிறேன், ஜீவரத்தினம் என்று இருக்கிறது. யார் மாற்றினது, எப்போது மாற்றினது என்று கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

வெண்ணாற்றுக்காரி, பெரியம்மாவுக்கு மூத்த அண்ணன்கள் இருந்தார்கள். ஆம்பளைப் பிள்ளை இல்லாத வீட்டில்தான் இப்படிப் பெயர் வைப்பார்கள் என்பது அந்த எழுத்தரின் நினைப்பு. நம்ம சீமையில் விவசாயச் சங்கத்து மணலூர் மணியம்மை வேட்டியும் மேல்சட்டையும் போட்டு, கிராப் வெட்டிக்கொண்டு பண்ணையாட்களுக்காகத் தெருத்தெருவாகப் போயிருக்கிறார். அவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பெயர் பெரிய விஷயமாகவே தெரிந்திருக்காது.

குடந்தைவாசி:

யார் கோபித்துக்கொண்டாலும் சரி, என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். தங்கை பேத்தி அமெரிக்காவில் பிறந்தவள். பெயர் கார்த்திக். கார்த்திகா இல்லை, கார்த்திக். கேட்டால் அங்கே பெண் குழந்தைக்கு ஜேம்ஸ் என்றே வைக்கிறார்கள் என்கிறார்கள், ரயன் ரெனால்ட்ஸ், பிளேக் லைவ்லி என்ற சினிமாத் தம்பதி 2014-ல் பிறந்த மகளுக்கு அப்படித்தான் வைத்தார்களாம், ஆஷ்லி கூட ஒரு காலத்தில் ஆண் பெயர்தானாம். இருக்கட்டும், அது அவர்கள் ஊர்ப் பழக்கம்.

விடுமுறைக்கு வந்தவர்களைச் சுவாமிமலைக்கு அழைத்துப்போனேன். அறுபது படியையும் அந்தக் குழந்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறியது, அவ்வளவு ஆசை. குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். கார்த்திக், கிருத்திகை நட்சத்திரம் என்றேன். அவர் சங்கல்பத்தில் "ஜாதஸ்ய" என்று ஆணுக்குச் சொல்கிற மாதிரியே சொல்லி அர்ச்சனையை முடித்து, திரும்பி வந்து, விபூதியையும் பூவையும் பக்கத்தில் நின்ற தம்பிப் பயல் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இவள் நீட்டின கையை மடக்காமல் நிற்கிறாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. விலாசம் மாறிப்போன கடிதம் மாதிரி அவளுடைய ஆசீர்வாதம் அவனுக்குப் போய்விட்டது. பெரியவர்கள் கொள்கைக்காகவோ நாகரிகத்துக்காகவோ வைக்கிறார்கள், கையை நீட்டிக்கொண்டு நிற்பது குழந்தை. இது நம் வழக்கத்திலேயே இல்லாத புதுப் பழக்கம் என்பது என் அபிப்பிராயம்.

தளிச்சேரி:

குடந்தைவாசி ஐயா, அந்தக் குழந்தை கைநீட்டி நின்றது எனக்கும் வலிக்கிறது. ஆனால் "நம் வழக்கத்திலேயே இல்லாத" என்ற இடத்தில் நான் உடன்படவில்லை. உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில்தான் தஞ்சாவூர்ப் பெரியகோயில் இருக்கிறது. ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிப் பணிசெய்த பெண்கள், 400 பேரைச் சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு (எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்று வெட்டியிருக்கிறார்கள். அதில் அந்தப் பெண்கள் பெயருக்கு முன்னால் என்ன வருகிறது தெரியுமா? நக்கன். சிவபெருமானுடைய பெயர். நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம் என்று வரிசையாகப் போகும். அதே பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் ராஜகேசரி, சோழ ராஜாக்கள் மாறி மாறிப் போட்டுக்கொண்ட பட்டப்பெயர். எடுத்தபாதம், அதாவது சுவாமி தூக்கின திருவடி, ஒரு பெண்ணுக்குப் பெயராக இருந்திருக்கிறது, ராஜாவின் பட்டம் ஒரு பெண்ணுக்குப் பெயராக இருந்திருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இதே மண்ணில்.

இடையில் எப்போதோதான் ஆணுக்கு இந்தக் கடைசி எழுத்து, பெண்ணுக்கு அந்தக் கடைசி எழுத்து என்று இறுக்கிவிட்டோம். அதுவும் முழுசாக இறுகவில்லை, ராஜாமணியும் தங்கமணியும் ரத்தினமும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். என் சொந்த அனுபவம் சின்னதுதான். அக்கா பெயர் மாணிக்கம், அவளுடைய கல்லூரி விடுதி விண்ணப்பம் ஆண்கள் விடுதி விண்ணப்பக் கட்டுக்குள் போய் ஒரு பருவம் முழுக்கக் கிடந்தது. அவள் தினமும் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தாள். அதற்காகப் பெயரைக் குறை சொல்வதா, கட்டைப் பிரித்துப் பார்க்காதவர்களைக் குறை சொல்வதா?

கடல்காற்று:

நாகூர்ப் பக்கம் வாருங்கள், இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். நான் ஆண். என் பெயர் மீரா என்று முடியும். எங்கள் ஊரில் மீரான், மீரா எல்லாம் தர்காவில் அடங்கியிருக்கிற ஆண்டகை ஷாகுல் ஹமீது நாயகத்தை நினைத்து வைப்பது, எங்களுக்கு அது முழுக்க ஆம்பளைப் பெயர். திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் மேசையில் "செல்வி" போட்டு அட்டை வைத்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்ததும் அதை எடுத்துப் போடுவதற்கு ஒருவருக்கும் கை வரவில்லை, சாயங்காலம் வரைக்கும் அது என் எதிரிலேயே இருந்தது. ஆண் பெயர் எது, பெண் பெயர் எது என்பது பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் மாறிவிடுகிறது.

கொள்ளிடக்கரை:

நீங்கள் எல்லோரும் பாசத்துக்கும் மரியாதைக்கும் வைத்த பெயர்களைப் பேசுகிறீர்கள். நான் பார்த்தது வேறு. எங்கள் தெருவில் வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த ஒரு வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு குமார் என்று பெயர் வைத்தார்கள். ஆம்பளைப் பெயர் வைத்து, டவுசர் போட்டு, கிராப் வெட்டி வளர்த்தால் அடுத்தது பையன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போதும்பொண்ணு என்று வைப்பதற்கு இது தேவலை என்று அவள் அப்பாயி பெருமையாகச் சொல்வார். அடுத்தது பையன்தான் பிறந்தான். பதினாறாம் நாள் தொட்டில் போட்ட அன்றைக்கு, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது, அவள் அப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இனிமே இவ பேரு செல்வி" என்றார். பெயரைப் பிடுங்கித் தொட்டிலில் போட்டுவிட்டார்கள், குமார் இப்போது தம்பி. அவள் அப்போது ஒன்றாம் வகுப்பு. "செல்வி, அந்தச் சொம்ப எடுத்துட்டு வா" என்று அத்தை கூப்பிடுகிறார், அவள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திண்ணையில் சோழி ஆடிக்கொண்டே இருக்கிறாள். மறுபடி மறுபடி கூப்பிட்டுவிட்டு முதுகில் ஒன்று வைத்தார்கள். ஏன் அடி விழுந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. நானும் சின்னப் பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தளிச்சேரி அண்ணே, கல்வெட்டு இருக்கட்டும். அந்தப் பெயர் அந்தப் பெண்ணுக்கே வைத்ததா, வரப்போகிற ஒருத்தனுக்கு இடம் பிடித்து வைத்ததா, அதைத்தான் கேட்க வேண்டும். வெண்ணாற்று அக்கா கேட்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அரசலாறு:

பிறப்பு இறப்புப் பதிவு சம்பந்தமான வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பெண் குழந்தைக்குத் துரைராஜ் என்று எழுதச் சொன்ன ஒரு தகப்பனாரிடம் நான் மறுபடியும் கேட்டபோது, "எம்புள்ள, எம்பேரு, எழுதுங்க சார்" என்று கண் கலங்கினது நினைவில் இருக்கிறது. எழுதினேன்.

இங்கே இளைஞர்கள் இருப்பதால் சில விவரம் சொல்கிறேன். குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். பெயர் அன்றைக்கே முடிவாகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், பெயரில்லாமல் பதியலாம். பிறகு ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்து உறவுக்காரர்கள் நெருக்குகிறார்கள் என்பதற்காக ஒரு பெயரை எழுதிவிட்டுப் பிறகு அலைகிறவர்கள் அதிகம். எழுதும்போது பாலினக் கட்டத்தை நீங்களே சரிபாருங்கள். பெயரைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர் தானாக "ஆண்" போட்டுவிடுவது உண்டு, தலைவலி முழுக்க அதில்தான் ஆரம்பிக்கும். ஆதார், பள்ளிச் சேர்க்கை, ரேஷன் கார்டு மூன்றிலும் எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் அப்பாவுடையதாகவும் இருக்கலாம், அம்மாவுடையதாகவும் இருக்கலாம், இரண்டையும் சேர்த்தும் போடலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன் மாணவியிடமே கேளுங்கள், இந்தப் பெயர் உனக்கு வேண்டுமா என்று. அதன் பிறகு மாற்றுவதென்றால் அரசிதழில் வெளியிட வேண்டும், அதற்கு விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு. வெண்ணாற்றுக்காரி அம்மா விரும்பினால் இப்போதும் அரசிதழ் வழியாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பட்டா, சிட்டா, வங்கிக் கணக்கு, பயிர்க் கடன் எல்லாவற்றையும் பின்னாலேயே மாற்ற வேண்டிவரும், நன்றாக யோசித்துச் செய்யவும்.

வெண்ணாற்றுக்காரி:

அரசலாறு ஐயா, நன்றி. மாற்றுகிற எண்ணம் இல்லை, நான் அதைக் கேட்கவும் இல்லை. நிலத்தில் என் பெயர் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

கொள்ளிடக்கரை கேட்டதை வீட்டில் கேட்டுப் பார்த்தேன். அப்பாயி சொல்கிறார், தாத்தா ஆடியில் போனார், நான் ஐப்பசியில் பிறந்தேன், "எது பொறந்தாலும் இந்தப் பேருதான்னு உங்கப்பன் அப்பவே சொல்லிட்டான்" என்று. அம்மாவிடம் கேட்டால், "பையன்னு நெனச்சுத்தான் இருந்தோம்" என்கிறார். இரண்டு பேரும் ஒரே கூடத்தில், ஒரே முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டு, இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அப்பா இல்லை, கேட்க முடியாது.

இன்னொன்று, இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது அல்லவா, அதனால் பாப்பா, பெரியவளே, அதுவும் இல்லையென்றால் இந்தா. தடுப்பூசி போடப் போன இடத்தில் குழந்தை பேர் என்ன என்று கேட்டால் பக்கத்து வீட்டு அத்தாச்சியைச் சொல்லச் சொல்வாராம். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான். அந்த "அதான்" என்று சொன்ன எழுத்தர்கூட என் பெயரை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார், அம்மா வாயிலிருந்து ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குடந்தைவாசி:

படித்தேன். கல்வெட்டு விஷயம் எனக்குப் புதிது, அடுத்த முறை பெரியகோயில் போகும்போது பார்க்கிறேன். ஆனால் தங்கை பேத்தி மறுபடியும் வரப்போகிறாள். சுவாமிமலைக்கு மறுபடியும் போக வேண்டும் என்கிறாளாம். அர்ச்சனைக்கு நான் என்ன செய்வது? இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

பூண்டித் தோழி:

ஐயா, தமிழில் அர்ச்சனை கேளுங்கள். 2021 ஆகஸ்டில் அறநிலையத் துறை "அன்னைத் தமிழில் அர்ச்சனை" என்று பெரிய கோயில்களில் ஆரம்பித்தார்கள், அர்ச்சகர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் பலகையில் போட்டிருப்பார்கள். அதில் ஜாதஸ்ய, ஜாதாயா என்று பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. சம்ஸ்கிருதத்தில்தான் வேண்டும் என்றால் "பெண் குழந்தை, பெயர் கார்த்திக்" என்று முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு மாற்றிச் சொல்லத் தெரியும். தட்டை அவள் கையிலேயே கொடுத்து முன்னால் நிறுத்துங்கள், நீங்கள் பின்னால் நில்லுங்கள். தம்பியை உங்கள் பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.