'சே', 'டெல்': ரெண்டுக்கும் 'சொல்' தானே, எப்படிப் பிரிப்பது?

எட்டாவது படிக்கும் மகளுக்கு வீட்டில் நான்தான் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறோம். 'ஷி செட் மீ' என்று எழுதுகிறாள், அடுத்த வரியிலேயே 'ஷி டோல்ட் தட் ஷி வாஸ் டயர்ட்' என்கிறாள். ரெண்டுமே தப்பு.

'டெல்' வந்தால் யாரிடம் சொன்னோமோ அந்த ஆள் உடனே பின்னால் வரணும், 'சே' வந்தால் ஆளுக்கு முன்னால் 'டு' போடணும் என்று சொல்லிக்கொடுத்தேன். 'ஷி டோல்ட் மீ', 'ஷி செட் டு மீ'. பாதிப் பிழை போய்விட்டது. நேற்று நோட்டை நீட்டி, "அப்போ 'டெல் த ட்ரூத்'ல ஆள் எங்கம்மா?" என்றாள். நல்ல கேள்வி, என்னிடம் பதில் இல்லை. 'டெல் எ லை', 'டெல் த டைம்' எல்லாம் அப்படித்தான். ஆனால் பிரார்த்தனைக்கு 'சே எ ப்ரேயர்'!

அகராதியில் உதாரணம் இருக்கிறது, காரணம் இல்லை. இலக்கணப் புத்தகத்தில் ரிப்போர்ட்டட் ஸ்பீச் (ஒருவர் சொன்னதை நம் வாக்கியத்தில் எடுத்துச் சொல்வது) பாடத்தோடு நின்றுவிடுகிறது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தாள், இரண்டு நாளில் மறந்துபோச்சு.

ஆள் இல்லாமல் 'டெல்' வரும் பெயர்ச்சொற்களை அடையாளம் காண ஏதாவது விதி இருக்கிறதா?