சிம்மீஸ் போன்ற சாட்டின் கவுன்: ஒரு பக்கம் இறங்குகிறது, என்ன செய்வது?

தருமபுரி தையற்காரி:
பத்தொன்பது ஆண்டுகளாகத் தைக்கிறேன். கல்லூரிப் பெண் ஒருத்தி அக்காள் கல்யாண வரவேற்புக்கு ஒரு படம் கொண்டுவந்தாள். மெல்லிய தோள்பட்டை, நெஞ்சில் லேஸ், வழுவழு சாட்டின். நாம் உள்ளே போட்ட சிம்மீஸேதான்! நேராக வெட்டியது இடுப்பில் விறைத்து நின்றது. துணியை மூலைவாட்டில் போட்டுக் கிராஸாக வெட்டினேன், இடப்பக்கம் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. அவள் வாங்கித் தந்த துணி, மனம் அடித்துக்கொள்கிறது.

ஓசூர் கட்டிங் மாஸ்டர்:
அக்கா, கிராஸ்தான் சரி. 1920களிலேயே பாரிசில் மதலேன் வியோனே என்ற உடை வடிவமைப்பாளர் கிராஸ் வெட்டில் பெயர் பெற்றவர். 45 டிகிரியில் துணி இழுபட்டு உடம்போடு வழியும். கீழே மடித்து அடிக்காமல் ஒரு நாள் தொங்கவிடுங்கள். இறங்குவது இறங்கட்டும். பிறகு அந்தப் பெண்ணை நிற்கவைத்து, தரையிலிருந்து அளந்து வெட்டுங்கள். குண்டூசியைத் தையல் ஓரத்துக்குள்ளேயே குத்துங்கள். சாட்டினில் துளை மறையாது.

கிருஷ்ணகிரி வாசகி:
1996 டிசம்பரில் நியூயார்க் மெட் அருங்காட்சியக விழாவுக்கு பிரிட்டன் இளவரசி டயானா அணிந்து வந்ததும் இதே வகைதான். டியோர் என்ற பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனத்துக்காக ஜான் கலியானோ வடிவமைத்த கருநீலப் பட்டு, ஓரத்தில் கறுப்பு லேஸ். 1990இல் பாடகி மடோனாவுக்கு வடிவமைப்பாளர் ழான் பால் கோத்தியே கூம்பு மார்க்கச்சையையே மேடை உடையாக்கினார். எனக்கு டயானாவின் உடைதான் அழகு. உள்ளாடையின் மென்மை அதில் அப்படியே இருக்கிறது.

தருமபுரி தையற்காரி:
நேற்று மாலையே கொடியில் மாட்டிவிட்டேன், தம்பி. இன்று வலப்பக்கமும் இறங்கியிருக்கிறது. நாளை அவளை வரச் சொல்லியிருக்கிறேன்.