போர் தண்ணீர் வீட்டுக்கு எந்த ஹீட்டர்: 3 லிட்டர் இன்ஸ்டன்டா, 15 லிட்டர் ஸ்டோரேஜா?

சரவணம்பட்டி வாசி:
வணக்கம். கோவையில் சொந்த வீடு, மொட்டை மாடியில் டேங்க், ஒரே பாத்ரூம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், 74 வயது அப்பா. இதுவரை அப்பாவுக்கு கேஸ் அடுப்பில்தான் சுடுதண்ணீர் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம். ஈரத் தரையில் கொதிக்கிற பாத்திரத்தோடு நடப்பது பயமாக இருக்கிறது, மார்கழிக்குள் ஹீட்டர் போட்டுவிட வேண்டும். கடைக்காரர் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் (தண்ணீர் ஓடும்போதே சூடாக்குவது) போதும், கரண்ட் மிச்சம் என்கிறார். மச்சான் ஸ்டோரேஜ் (தண்ணீரைத் தேக்கி வைத்துச் சூடாக்குவது), அதுவும் 15 லிட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள் என்கிறார். குளிக்கப் போர் தண்ணீர்தான், குழாய் வாயெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். ஷவர் இல்லை, பக்கெட்டில் விளாவித்தான் குளிப்போம். எதை வாங்கலாம்?

நொய்யல் கரை:
மச்சான் சொல்வதுதான் சரி. இன்ஸ்டன்ட் பெரும்பாலும் 3000 வாட்ஸ். மார்கழிக் காலையில் டேங்க் தண்ணீர் 23 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதைக் குளிக்கிற சூடான 40-க்குக் கொண்டுவர நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர்தான் ஓடவிட முடியும். பக்கெட் நிறைய ஏழு நிமிடமாவது ஆகும், அவசரப்பட்டுக் குழாயைக் கூடத் திறந்தால் வெதுவெதுப்பும் போய்விடும். 15 லிட்டர் ஸ்டோரேஜ் 2000 வாட்ஸ்தான், ஆனால் இருபது நிமிடத்தில் மொத்தத் தண்ணீரும் 60 டிகிரிக்கு வந்துவிடும், செலவு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு, விளாவினால் 30 லிட்டர் கிடைக்கும். கரண்ட் மிச்சம் என்று கடைக்காரர் சொல்வதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதே தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவர இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே யூனிட்தான் ஆகும். ஸ்டோரேஜை நாள் முழுக்க ஆனில் விட்டால்தான் வீண். சமையலறை சிங்க்குக்கு என்றால் நானே இன்ஸ்டன்ட் வாங்கச் சொல்லியிருப்பேன்.

போர்வெல் வீடு:
லிட்டரைவிட உங்கள் தண்ணீர்தான் எனக்குக் கவலை. குழாய் வாயில் பூக்கிற அதே உப்பு ஹீட்டருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயில் மேல் கெட்டியாகப் படியும், படியப் படியச் சூடாக நேரம் பிடிக்கும், கடைசியில் காயில் போய்விடும். கிளாஸ் லைனிங் (உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு) உள்ள டேங்க்காக வாங்குங்கள். உள்ளே மெக்னீசியத்தில் ஆனோடு ராடு என்று ஒன்று இருக்கும், டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோவதே அதன் வேலை. உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு டேங்க்கைக் கழுவி, ராடு தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வாரன்டி கார்டில் டேங்க்குக்கு எத்தனை வருடம், காயிலுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், கடையிலேயே வாசித்துப் பாருங்கள். பிராண்டைவிட உங்கள் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் சார்.

வயர்மேன்:
வயரிங் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் சொல்கிறேன். 2000 வாட்ஸ் என்றால் ஒன்பது ஆம்பியர் இழுக்கும், பழைய 6 ஆம்பியர் பாயிண்ட்டில் அடாப்டர் போட்டு மாட்டவே கூடாது. டிபி பாக்ஸிலிருந்து (வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்துவிடும் பெட்டி) தனி லைன், 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 16 ஆம்பியர் எம்சிபி (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்), ஹீட்டர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. எர்த் வேலை செய்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிளக்கில் மூன்று பின் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வீட்டில் இல்லை என்றால் ஹீட்டர் மாட்டுவதற்கு முன்பே அதைப் போடுங்கள். வயதானவரும் குழந்தையும் ஈரக் காலோடு நிற்கிற இடம், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரவணம்பட்டி வாசி:
மிக்க நன்றி. எங்கள் வீட்டில் எம்சிபி மட்டும்தான் இருக்கிறது, இந்த வாரமே எலக்ட்ரீஷியனை வரச் சொல்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். நான்கு பேருக்கு 25 லிட்டர் வேண்டுமா? 5 ஸ்டாருக்குக் கூடப் பணம் கொடுக்கலாமா?

நொய்யல் கரை:
நான்கு பேரும் அரை மணிக்குள் குளித்துக் கிளம்ப வேண்டும் என்றால் 25. கொஞ்சம் இடைவெளி விட முடியுமென்றால் 15 போதும், ஒருவர் குளித்து வருவதற்குள் அடுத்தவருக்குச் சூடாகிவிடும். ஸ்டார் என்பது சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு வீணாகிறது என்பதற்கான கணக்கு. போட்டதும் குளித்துவிட்டு அணைக்கிற வீட்டில் அதனால் வரும் லாபம் குறைவு, அந்தப் பணத்தை ஆர்சிசிபிக்கு வையுங்கள். அப்புறம், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு வெளியில் இருக்கிற மாடலாகப் பார்த்து, அப்பா குளிக்கும்போது 50-ல் வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் வயதானவர்கள் தோலைச் சில நொடியில் சுட்டுவிடும். பக்கெட்டில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்துவிட்டு மேலே சுடுதண்ணீர் விடச் சொல்லுங்கள்.

வயர்மேன்:
சூடாகும்போது சேஃப்டி வால்வில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். தண்ணீர் விரிவதால் வருவது அது, ரிப்பேர் இல்லை. பிளம்பர் அதை அடைத்துத் தருகிறேன் என்றால் விடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறினால் டேங்க்கே வெடிக்கலாம். ஒரு சின்ன டியூப் மாட்டித் தரையில் விழுகிற மாதிரி விட்டால் போதும்.