மார்கழி நிலா ஏன் ஆனிச் சூரியனையும் தாண்டி வடக்கே எழுந்தது?

தொண்டிக்காரி:
எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே முழுக்கக் கடல்தான். ஆனியில் சூரியன் இடது பக்கம், தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் எழும். அப்புறம் மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்து, மார்கழியில் ஐஸ் கம்பெனிக்கும் தெற்கே போய்விடும். இது புரிகிறது. நிலாதான் பிடிபடவில்லை. 2024 டிசம்பர் 15, மார்கழி பிறப்பதற்கு முதல் நாள், பௌர்ணமி. நிலா தோப்புக்குள்ளிருந்து, ஆனிச் சூரியன் ஒருநாளும் எட்டாத இடத்தில் வந்தது. ஆறாவது படிக்கும் மகள் "ஏம்மா?" என்று இன்னும் விடாமல் கேட்கிறாள். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

தேவிபட்டினம் வாத்தியார்:
பிள்ளை நன்றாகக் கவனித்திருக்கிறாள் அம்மா. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் நம் கரையில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து வடக்கே 24, தெற்கே 24 டிகிரி வரை போய்வரும். பங்குனியிலும் புரட்டாசியிலும் வேகம் அதிகம், ஒரு நாளில் ஏறக்குறைய தன் அகலத்துக்கு நகரும். ஜூன் 21, டிசம்பர் 21 ஒட்டி நின்ற மாதிரியே இருக்கும்.

சூரியன் ஒரு வருடத்தில் போய்வருவதை நிலா 27 நாளில் முடித்துவிடும். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிரே நிற்பது. சூரியன் தெற்கே என்றால் அது வடக்கே. ஆனிப் பௌர்ணமியைப் பாருங்கள், ஐஸ் கம்பெனிப் பக்கம் வரும். இதோடு நிலாவின் பாதை சூரியன் பாதைக்கு 5 டிகிரி சாய்வு. அந்தச் சாய்வு திசை மாறி ஒரு சுற்று வர 18.6 வருடம். 2024, 2025-ல் இரண்டு சாய்வும் கூடிக்கொண்டதால் நிலா 29 டிகிரி வரை போனது. கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அது சூரியனைத் தாண்டிப் போனது அவ்வளவு தூரம்.

பாம்பன் படகுக்காரர்:
கடலுக்கு வரும் இளவட்டங்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கணும். சூரியன் கிளம்புற இடம்தான் கிழக்கு என்று மார்கழியில் ஓட்டினால், 10 கடல் மைலில் 4 மைல் தெற்கே போய்விடுவோம். எல்லைக்கோடு எவ்வளவு கிட்டே இருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜி.பி.எஸ். இருந்தாலும் காம்பஸை வீட்டில் விட்டுவிட்டு வராதீங்க தம்பி.

தொண்டிக்காரி:
ரொம்ப நன்றி சார். அடுத்த கேள்வி வந்துவிட்டது: தோப்புக்குள் மறுபடி எப்போது வரும்?

தேவிபட்டினம் வாத்தியார்:
கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 2034 வாக்கில் 18, 19 டிகிரியோடு நின்றுவிடும். ஆனிச் சூரியன் வரும் இடத்தைக்கூடத் தொடாது. மறுபடி 29-ஐ எட்ட 2043 ஆகும். மாடிச் சுவரில் இப்போதே குறி போட்டு வைக்கட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கணும், இல்லாவிட்டால் கணக்கு தப்பிவிடும்.