பதினான்கு பாடல்கள் வெளியிட்டாயிற்று, வேலையை விடலாமா?

கேள்வி:
நானே எழுதி, இசையமைத்து, வீட்டிலேயே பதிவு செய்த பதினான்கு பாடல்களை மூன்று ஆண்டுகளில் ஒரு விநியோக நிறுவனத்தின் வழியாக ஸ்ட்ரீமிங் தளங்களில் வெளியிட்டிருக்கிறேன். கேட்பவர்கள் மெல்லக் கூடுகிறார்கள் என்றாலும், ஆண்டு முடிவில் கைக்கு வருவது கிட்டாருக்குத் தந்தி மாற்றுவதற்கே சரியாகப் போகிறது. அலுவலக வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இசையில் இறங்க எண்ணுகிறேன். எத்தனை பேர் கேட்டால் அது முடியும்?

மறுமொழி 1:
ஒரு முறை கேட்டால் இவ்வளவு என்ற நிலையான விலை பெரும்பாலான தளங்களில் கிடையாது. சந்தாவிலும் விளம்பரத்திலும் வந்த பணத்தில் உரிமையாளர்களுக்கென ஒதுக்கிய தொகையை, அந்த மாதம் கேட்கப்பட்ட மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். ஆகவே, உங்கள் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போது மற்ற எல்லாருடையதும் இரட்டிப்பானால், உங்கள் பங்கு நின்ற இடத்திலேயே நிற்கும். மேலும், ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு ராயல்டி (உரிமைத்தொகை) கணக்கில் ஏறுவதே இல்லை. பதினான்கில் எத்தனை அந்தக் கோட்டைத் தாண்டின என்று முதலில் பாருங்கள்.

மறுமொழி 2:
பாடலை இயற்றியவருக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. விநியோக நிறுவனம் பொதுவாக இரண்டாவதற்கான பணத்தையே கொண்டுவந்து சேர்க்கும்; முதலாவதற்கானதை வசூலிக்க ராயல்டி சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் பதிய வேண்டும். இரண்டும் உங்களுடையவையாக இருந்தும், பலரைப் போல நீங்களும் ஒன்றை மட்டுமே வாங்கிக்கொண்டிருக்கக்கூடும். (இந்தச் சண்டை பழையது: 1847-இல் பாரிஸ் உணவகம் ஒன்றில் தம் பாடலைக் காசு கொடுக்காமல் இசைத்ததைக் கண்ட எர்னெஸ்ட் பூர்ஜே, தாம் குடித்ததற்குப் பணம் தர மறுத்தார், வழக்கில் அவரே வென்றார். அதன் தொடர்ச்சியாகவே 1851-இல் சாசெம் என்ற சங்கம் பிறந்தது.)

மறுமொழி 3:
சங்கத்தில் பதிவது அவசியம்தான், ஆனால் அதை நம்பி வேலையை விடாதீர்கள். பதினோரு ஆண்டுகளாக இதிலேயே பிழைக்கிறேன். என் வருமானத்தில் பெரும்பங்கு கற்பித்தலிலிருந்தும், பிறர் பாடல்களுக்கு வாசிப்பதிலிருந்தும், மேடையிலிருந்தும்தான் வருகிறது. ஒரு முறை விளம்பர இசை ஒன்றுக்கு, ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமல், எல்லா உரிமைகளையும் ஒரே தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மெட்டு இன்றும் எங்கெங்கோ ஒலிக்கிறது. கேட்பவர்களில் பணம் கொடுத்து வாங்கக்கூடிய சிலரை நேரடியாக எட்டப் பாருங்கள். இசைஞர்கள் தம் பாடல்களை நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்பில் டிஜிட்டல் விற்பனைக்குத் தளத்தின் பங்கு 15 விழுக்காடு; பணப்பரிமாற்றக் கட்டணம் போக மீதி உங்களுக்கு.

கேட்டவர்:
பார்த்தேன். மூன்று பாடல்களே 1,000-ஐத் தாண்டியிருக்கின்றன. சங்கத்தில் ஒன்றைக்கூடப் பதியவில்லை. வேலையை விடுவது இப்போதைக்கு இல்லை. இந்த வாரம் பதினான்கையும் பதிகிறேன். வார இறுதிகளில் இரண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.