சின்னப் பிள்ளைகளோடு சென்னை மியூசியங்கள்: போய்வந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்

அயனாவரம் அம்மா

மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. லீவு விட்டால் மால், இல்லாவிட்டால் பீச் என்று போய்க்கொண்டிருந்தோம். போன வருடம்தான் மியூசியம் பக்கம் திரும்பினோம். சென்னையில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எழுதுங்கள், எல்லோருக்கும் உதவும். முதலில் என் அனுபவம்.

எழும்பூர் மியூசியத்துக்கு மூன்று தடவை போனோம். முதல் தடவை உள்ளேயே நுழையவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்று எனக்குத் தெரியாது. பாந்தியன் சாலையில் ஆட்டோவை அனுப்பிவிட்டுத் திரும்பினால் கேட் பூட்டியிருக்கிறது. "டைனோசர் எங்கம்மா?" என்று பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாம் தடவை ஞாயிற்றுக்கிழமை. 1851-இல் தொடங்கிய மியூசியம், பெரிய வளாகம், தனித்தனிக் கட்டடங்கள். அமராவதிச் சிற்பங்கள் ஒரு பக்கம், திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒரு பக்கம், செப்புத் திருமேனிகளுக்கு ஒரு கட்டடம், குழந்தைகளுக்கென்று ஒரு கட்டடம். டிக்கெட் வாங்கியாயிற்று, ஒன்றையும் விடக்கூடாது என்று இருவரையும் இழுத்துக்கொண்டு நடந்தேன். மத்தியானத்துக்குள் பையன் தோளில் தூங்கிவிட்டான். பெண் "கால் வலிக்குதும்மா" என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பாட்டி "என்னடா பார்த்தே?" என்று கேட்டதற்கு, மரத்தடியில் படுத்திருந்த பூனையைத்தான் சொன்னான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. மாமியார்தான் சொன்னார்: "ஒரு நாளைக்கு ஒண்ணு காட்டு போதும். மியூசியம் எங்கயும் ஓடிடாது."

அதனால் மூன்றாம் தடவை செப்புத் திருமேனிகள் மட்டும். நாலு வயதுப் பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். நடராஜர் என்றால் நாம் முகத்தையும் தூக்கிய காலையும் பார்க்கிறோம். அவன் கண்ணுக்கு நேரே இருப்பது காலடியில் கிடக்கும் முயலகன். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் அவன் அப்படியே நின்றுவிட்டான். "அம்மா, மிதிச்சா அவருக்கு வலிக்காதா? ஏன் அழாம இருக்காரு?" என்று கேட்டான். குனிந்து அவன் உயரத்துக்கு வந்து பார்த்தேன். இத்தனை வருடமும் நான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம வீட்டு சாமிக்கு சுத்தி நெருப்பு இருக்கு, இவருக்கு எங்க?" என்றான். அந்தச் சிலைக்குத் திருவாசி, அதாவது சுற்றியிருக்கும் நெருப்பு வளையம், இல்லை. ஷோகேஸ் பொம்மையோடு ஒப்பிட்டுத் தானாகவே கண்டுபிடித்துவிட்டான்.

பெண்ணுக்குத் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா என்று மட்டும் சொன்னேன். அவள் கைகளை எண்ணத் தொடங்கினாள். "மூணு கைதான் இருக்கும்மா!" சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. ஏன் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி அதை வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

உள்ளே இருந்தது முக்கால் மணி நேரம்தான். பிறகு புல்வெளியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, குழந்தைகள் பகுதிக்கு வெளியே இருக்கும் டைனோசரிடம் போனோம். பையன் அழுது கேட்டது அதைத்தானே!

வில்லிவாக்கம் அப்பா

எங்கள் பையனுக்கு ஐந்து வயது, ரயில் பைத்தியம். வீட்டுப் பக்கத்திலேயே ஐ.சி.எஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் மியூசியம் இருப்பதால் மாதம் ஒரு முறையாவது போய்விடுவோம். அங்கே திங்கட்கிழமை விடுமுறை. 2002-இல் திறந்தது. திறந்தவெளியில் பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் நிற்கும். பிள்ளைகள் சுற்றிவர ஒரு குட்டி ரயிலும் உண்டு. முதல் தடவை போகும்போது குட்டி ரயிலை முதலில் காட்டிவிடாதீர்கள். அதைப் பார்த்துவிட்டால் வேறு எதுவும் கண்ணில் படாது.

எங்களுக்கு அந்த இடத்தைத் திறந்து காட்டியது என் மாமனார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நீராவி எஞ்சின் சக்கரத்துக்குப் பக்கத்தில் பேரனை நிறுத்தினார். சக்கரம் அவன் தலைக்கு மேலே போனது. "இதைத் தள்ளினது தண்ணிடா" என்றார். அவன் நம்பவில்லை. வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது வெயிட் எப்படித் தூக்கும் என்று கேட்டார். அந்த ஆவியைக் குழாய்க்குள் அடைத்தால் ஒரு தண்டைத் தள்ளும், தண்டு சக்கரத்தைத் தள்ளும் என்று கையாலேயே முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். அடுத்த நாள் காலையில் குக்கர் மூன்று விசில் விடும் வரை பையன் அடுப்படி வாசலை விட்டு நகரவில்லை.

பிறகு அகலப் பாதைக்கும் மீட்டர் பாதைக்கும் வித்தியாசம் சொன்னார். தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி மீட்டர் பாதையில் 1000 மில்லிமீட்டர், அகலப் பாதையில் 1676. பேரனை மண்ணில் கால் வைத்து அளக்கச் சொன்னார். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு 2004 வரைக்கும் மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடியது. அதில் முப்பது வருஷம் வேலைக்குப் போய்வந்த மனிதர் அவர். எந்தப் பெட்டியில் யார் பூ விற்றார்கள், எந்த ஸ்டேஷனில் சுண்டல் ஏறும் என்றெல்லாம் பேரனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக்கூட இதையெல்லாம் அவர் சொன்னதில்லை. வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் இரும்பு. ஏப்ரல், மே மாதங்களில் பதினொரு மணிக்கு மேல் கைப்பிடியைத் தொட முடியாது. காலையில் திறந்ததும் போய்விடுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு பாட்டி

என் பேத்திகள் பெங்களூரில் பதினான்காவது மாடியில் வளர்கிறார்கள். போன தசரா லீவுக்கு வந்தபோது முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு அழைத்துப் போனேன். 1996-இல் திறந்தது, பத்து ஏக்கர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று பழைய வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். நான் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

சின்னவள் திண்ணையைப் பார்த்துவிட்டு, "பாட்டி, ஏன் சோபாவை வெளியே போட்டிருக்காங்க?" என்றாள். உட்காரச் சொன்னேன். வழிப்போக்கர்கள் ராத்திரி படுத்துவிட்டுப் போவார்கள் என்று சொன்னதும், "தெரியாதவங்களா? பூட்ட மாட்டீங்களா?" என்று பெரியவள் கண்ணை விரித்தாள். நான் பிறந்த வீட்டுத் திண்ணையில் ஒரு தடவை காசி யாத்திரை போகிறவர்கள் இரண்டு நாள் தங்கியதைச் சொன்னேன். அரை மணி நேரம் அங்கேயே போய்விட்டது. வேறு எதையும் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் மேலே பார்த்தால் வானம். "வீட்டுக்குள்ளே மழை பெய்யுமா?" என்று சின்னவள் கேட்டாள். பெய்யும் கண்ணு, அண்டா வைத்துப் பிடிப்போம், தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். அன்றிலிருந்து பெங்களூர் ஃப்ளாட்டில் முற்றம் கட்டச் சொல்லி அப்பாவை நச்சரித்துக்கொண்டிருக்கிறாளாம்.

ஆந்திரக் கடற்கரை வீடு ஒன்று வட்டமாக இருக்கிறது, கூரை தரையைத் தொடுகிற மாதிரித் தாழ இறங்கியிருக்கும். புயல் காற்று மோதாமல் வழுக்கிப் போகட்டும் என்று அப்படிக் கட்டுவார்களாம். பிள்ளைகள் இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். மூலை இல்லாத வீட்டில் ஒளிந்து பிடித்து விளையாடுவது எப்படி என்று அவர்களுக்குள் பெரிய விவாதம்.

கடைசியில் குயவர் சக்கரம். பெரியவள் உட்கார்ந்தாள். அந்தத் தம்பி அவள் கையைப் பிடித்து மண்ணை மேலே தூக்க விட்டார். இரண்டு விரல் உள்ளே, இரண்டு விரல் வெளியே. கிண்ணம் எழும்பி வந்தது, அவள் கொஞ்சம் அழுத்தியதும் ஒரு பக்கம் சாய்ந்தது. சரிசெய்து தருகிறேன் என்றார். வேண்டாம், இதுதான் என்னுடையது என்று சாய்ந்த கிண்ணத்தையே வாங்கிக்கொண்டாள். சுடாத மண், காயும் வரை காரில் என் மடியில்தான் வந்தது.

திருவான்மியூர் மகேந்திரா சிட்டி ரயில் பயணி

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் பற்றிச் சுருக்கமாக. மூன்று வயதுக் குழந்தையைக் கூட்டிப் போனது என் தவறு. விளக்கை அணைத்ததும் வீறிட்டு அழுதாள், வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் போனோம். முந்தின நாள் ராத்திரியே மொட்டை மாடியில் படுக்கவைத்து, நாளைக்கு ஒரு பெரிய குடைக்குள் இதே மாதிரி நட்சத்திரம் வரும், முதலில் கும்மிருட்டாக இருக்கும், அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லிவைத்தேன். இந்தத் தடவை இருட்டு வந்ததும் அவளே என் கையை அழுத்தி "வருதுப்பா" என்றாள். தமிழ்க் காட்சி, ஆங்கிலக் காட்சி என்று தனித்தனியாக உண்டு. தமிழில் பாருங்கள், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கதவுக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள்.

புரசைவாக்கம் அம்மா

என் மகனுக்கு ஆட்டிசம். வயது ஆறு. எதையும் தொட்டுப் பார்த்தால்தான் அவனுக்கு அது இருக்கிறது என்று அர்த்தம். அதனால் மியூசியம் என்றாலே எனக்குப் பயம். ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) கண்ணாடிப் பெட்டியில் கை வைத்தான் என்று காவலுக்கு நின்றவர் எல்லோர் முன்னாலும் அதட்டினார். அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சுற்றி நின்று பார்த்தவர்களில் ஒருவர்கூட நகரவில்லை. ஆறு மாதம் எங்கேயும் போகவில்லை நாங்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம், கூட்டமே இல்லாத நேரமாகப் பார்த்து எழும்பூருக்கு அழைத்துப் போனேன். காலை வேளையில் பள்ளிக்கூட பஸ்கள் வந்துவிடும், அந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது. சிலைக் கூடத்தில் நின்ற அக்காவிடம் முதலிலேயே விஷயத்தைச் சொன்னேன். அவர் அவனிடம் மெதுவாகப் பேசினார். நம் கையில் வியர்வை இருக்கிறது, அதில் உப்பு இருக்கிறது, அது பட்டால் சாமி சிலை கறுத்து அரித்துப் போகும் என்று சொல்லி, அவன் உள்ளங்கையையே அவனுக்குக் காட்டினார். அவன் கையைப் பார்த்தான், சட்டையில் துடைத்தான், பின்னால் கட்டிக்கொண்டான். அப்புறம் வெளியே பீரங்கிப் பக்கம் போனதும் இரண்டு கையாலும் தடவி, கன்னத்தை வைத்துக் குளிர்ச்சியைப் பார்த்தான்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று காரணத்தோடு சொன்னால் இந்தப் பிள்ளைகளும் கேட்பார்கள். சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். பாட்டி சொன்ன குயவர் சக்கரத்துக்கு அடுத்த மாதம் இவனை அழைத்துப் போகப் போகிறேன்.

ஐஸ் ஹவுஸ் பக்கம் குடியிருப்பவர்

எல்லோரும் பெரிய இடங்களைச் சொல்கிறீர்கள். மெரினாவுக்கு எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்காட்சி பெரிய பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கும். ஆனால் அந்தக் கட்டடத்தின் கதை நாலு வயதுக்கும் பிடிக்கும். 1842-இல் அதைக் கட்டியது ஐஸ் வைப்பதற்காக. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டி, மரத்தூளில் புதைத்து, கப்பலில் மாதக்கணக்கில் கடல் கடந்து மதராசுக்கு வந்த ஐஸ்!

என் பெண்கள் நம்பவில்லை. தச்சுப்பட்டறையில் ஒரு பை மரத்தூள் வாங்கிவந்தோம். ஒரு ஐஸ் கட்டியைத் தட்டில் வைத்தோம், இன்னொன்றைத் தூக்குச்சட்டியில் மரத்தூளுக்குள் புதைத்தோம். தட்டில் இருந்தது சாப்பாட்டுக்கு முன்னாலேயே தண்ணீராகிவிட்டது. சாப்பிட்டு முடித்துச் சட்டியைத் திறந்தால் உள்ளே சின்னதாக ஒரு துண்டு இன்னும் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தெருவெல்லாம் காட்டி வந்தார்கள்.

அயனாவரம் அம்மா

எல்லோருக்கும் நன்றி. புரசைவாக்கம் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தட்சிணசித்ரா போகும் நாளைச் சொல்லுங்கள், நாங்களும் வருகிறோம். என் பையனுக்கும் மண் என்றால் உயிர்.

போன வாரம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்குப் போனோம். அங்கேயும் வெள்ளிக்கிழமை விடுமுறை, இந்தத் தடவை பார்த்துக்கொண்டுதான் கிளம்பினேன். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை அங்கே வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் பார்ப்பதாகத்தான் திட்டம். மகள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், "இதை எந்தக் கயித்துல கட்டினாங்க?" என்று கேட்டாள். வெளியே வந்ததும் கோட்டைக் கொடிமரத்தைக் காட்டினேன். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, "அன்னிக்கு இங்க நின்னவங்களுக்கும் இப்படித்தான் வலிச்சிருக்கும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ரயில் மியூசியம். வில்லிவாக்கம் அப்பா, அன்றைக்கு உங்கள் மாமனார் வருவாரா? என் பையனுக்கு நீராவி எஞ்சினைப் பற்றிக் கேட்பதற்கு ஏற்கெனவே ஏழு கேள்வி இருக்கிறது.